முதல் சிட்டம்

கொடைக்கானல்

அன்புள்ள கயல்,

ராட்டை சும்மாதான் நிற்கிறதா என்று போன வாரம் போனில் கேட்டாய். இல்லை. அத்தாட்சியாக இந்தக் கடிதத்தோடு நானே நூற்ற கம்பளி நூலைச் சுற்றிக் கட்டி ஒரு சிட்டமாக வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரி, ஆனால் அம்மாவிடம் சொல்லாதே.

ரோமம் மன்னவனூர்ப் பக்கமிருந்து வந்தது. நீ எட்டாவது படிக்கும்போது அங்கே ஆட்டுப் பண்ணை பார்த்தோமே, அதே பாரத் மெரினோ. ராஜஸ்தான் ஆடுகளோடு வெளிநாட்டுக் கிடாக்களைக் கலந்து உண்டாக்கிய இனம். இரண்டு கிலோ வாங்கினேன். முதல் பாதியைப் போர்வை துவைக்கிற மாதிரி வெந்நீரில் போட்டுக் கும்மி, பச்சைத் தண்ணீரில் அலசினேன். போச்சு. கம்பளி இழையின் மேல் பொடிப்பொடியாகச் செதில் உண்டு. சூட்டில் கசக்கினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். வாளியிலிருந்து வந்தது ஒரு பாய். இப்போது அதில் பூனை படுக்கிறது.

மறுபாதியைச் சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டதோடு சரி, கையே வைக்கவில்லை. அது காய்கிறவரை ஆட்டுக்கொட்டில் வாடை தாங்காமல் அம்மா திண்ணையிலேயே இருந்தாள். நாய்க்கு வாரும் கம்பிச் சீப்பு இரண்டை வைத்துச் சிக்கெடுத்து, விரல் தடிமனுக்குப் பட்டை சுருட்டிக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பில் பஞ்சு நூற்கத் தக்ளி என்ற கைக்கதிரைச் சுற்றிய தைரியத்தில் ராட்டையில் உட்கார்ந்தேன். பஞ்சு வேறு, கம்பளி வேறு என்று அப்புறம்தான் புரிந்தது. பஞ்சிழை குட்டை, நிறைய முறுக்கு கேட்கும். கம்பளி இழை நீளம், கொஞ்சம் முறுக்கே போதும். நான் பழக்கதோஷத்தில் மிதித்துத் தள்ள, நூல் அச்சில் பிழிந்த முறுக்காகவே சுருண்டது. கால் மெதுவாகப் போக வேண்டும். முன்கை விரல் முறுக்கைத் தடுத்துப் பிடிக்க, பின்கை இழையை இழுத்துக்கொண்டே வர வேண்டும். முறுக்கு விரலைத் தாண்டிப் பட்டைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் இழுத்தாலும் வராது. இது கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியில் இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் புரியாக்கினேன். தனி இழையின் துள்ளலெல்லாம் அதில் அடங்கிவிட்டது.

சிட்டத்தில் ஓரிடம் கம்பளிப்பூச்சி மாதிரித் தடித்திருக்கும். அது உன் போன் வந்த நேரம்.

ஜூன் பிறந்தால் உனக்குக் குளிர்காலம். நியூசிலாந்தில், உன் கிறைஸ்ட்சர்ச்சில் இல்லாத கம்பளியா என்பாய். ராட்டையே உன் பக்கத்து ஆஷ்பர்ட்டனில், 1934-லிருந்து இயங்கும் ஆஷ்ஃபோர்டு கம்பெனியில் செய்ததுதான். இருந்தாலும் இந்த நூலில் குல்லா பின்ன அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறாள். தலைச்சுற்றை அளந்து எழுது. கொண்டையோடா, கொண்டை இல்லாமலா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா

குல்லா வந்ததும் வாஷிங் மெஷினில் போட்டுவிடாதே. பூனைக்குப் படுக்கை ஒன்றே போதும்.