ஸ்னக்கில் இறந்தது ஈனா அல்ல

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த நெடுந்தொடர்கள் பற்றிய கட்டுரை, பிரிட்டனின் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் வரும் ஈனா ஷார்ப்பிள்ஸைக் 'கொடுமைக்கார மாமியார்' என்கிறது. பெயர் நம் காதில் 'ஈனம்' என்று விழுவதாலோ என்னவோ! அந்த அம்மாளின் சண்டை மருமகளோடு அல்ல, தெருவோடு.

முதல் பகுதி 1960 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை நேரலையாக ஒளிபரப்பானது. மூலைக்கடையைப் புதிதாக வாங்கிய ஃப்ளோரி லிண்ட்லியிடம் ஈனா வருகிறார். சாமான் ஒரு பக்கம் இருக்கட்டும், நீ எந்தச் சபைக்காரி என்ற குறுக்கு விசாரணைதான் அங்கே முக்கியம். அதோடு கேக் கேட்கிறார், கிரீம் அடைத்த எக்லேர் மட்டும் கூடாதாம். அந்த ஒரு காட்சியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இவருக்கு வேலை, கிளாட் டைடிங்ஸ் மிஷன் ஹாலைப் பார்த்துக்கொள்வது. நம் ஊர்ச் சபைகளில் கோயில்பிள்ளை செய்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். குடியிருந்ததும் அங்கேயே, வெஸ்ட்ரி எனப்படும் பக்க அறையில். ஹார்மோனியமும் வாசிப்பார். வேடமேற்ற வயலட் கார்சன் உண்மையிலேயே தேர்ந்த பியானோ கலைஞர் என்பதால் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. 1968இல் கதையில் அந்த ஹாலை இடித்தார்கள்.

ஈனா தலையில் போட்டிருப்பதைக் கட்டுரை 'கொண்டை வலை' என்று எழுதியதும் பொருந்தாது. அது முன் நெற்றிவரை இழுத்துவிட்ட முழுத்தலை வலை.

ஈனா குடிக்கும் மில்க் ஸ்டவுட்டைப் 'பால் கலந்த மது' என்றது அடுத்த பிழை. அதில் யாரும் பாலை ஊற்றுவதில்லை. கரும் பீர் காய்ச்சும்போது பாலிலிருந்து எடுத்த லாக்டோஸ் சர்க்கரையைச் சேர்ப்பார்கள். பீர் ஈஸ்ட்டால் அதை நொதிக்கவைக்க முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கிவிடும். ரோவர்ஸ் ரிட்டர்ன் மதுக்கடையில் 'ஸ்னக்' என்ற சின்னத் தடுப்பறையில் உட்கார்ந்து ஈனா, மின்னி கால்ட்வெல், மார்த்தா லாங்ஹர்ஸ்ட் மூவரும் குடிப்பது இதைத்தான். பொது பாரில் நிற்க விரும்பாத பெண்களுக்கு அப்படி ஒரு தனி மூலை அந்த ஊர் மதுக்கடைகளில் இருந்தது. இந்த ஸ்னக்கில் 1964இல் இறந்துபோனது மார்த்தா. கட்டுரை அந்தச் சாவை ஈனா தலையில் கட்டிவிட்டது. ஈனா 1980 வரை தொடரில் இருந்தார்.

கடைசியாக, கட்டுரை சொல்லும் 'ஈனா ஷார்ப்பிள்ஸ் ரோஜா' என்று ஒன்று இல்லை. நடிகையின் பெயரில்தான் ரோஜா உண்டு: 'வயலட் கார்சன்', சாம் மெக்ரெடி 1960களில் உருவாக்கிய ஃப்ளோரிபண்டா. இதழின் உள்பக்கம் பீச் கலந்த இளஞ்சிவப்பு, வெளிப்பக்கம் வெளிறியிருக்கும். ரோஜாவைக் கண்டாலே கத்தரியை எடுத்துவிடும் நம் நீலகிரி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளோரிபண்டா கொத்தாகப் பூக்கும் இனம். காம்புக்கு ஒரு பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீ ரோஜாவைப் போல அடியோடு ஒட்ட வெட்டினால் கொத்துகள் குறையும், மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். உறைபனி ஓய்வதற்குள் கவாத்து செய்தால் புதுத்துளிர் கருகும். வெளிநோக்கிய துளிர்மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக வெட்டுங்கள். நீளமாகக் குச்சி விட்டால் அது காய்ந்து கீழே இறங்கும். இலை ஏழு மணி நேரம் நனைந்திருந்தாலே கரும்புள்ளி நோய் பிடிக்கும், நம் மூடுபனியில் அதற்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே தண்ணீர் வேரில் மட்டும், அதுவும் காலையில். உதிர்ந்த இலைகளைப் பாத்தியிலேயே மக்கவிடாதீர்கள், அடுத்த பருவத்து நோய் அதில்தான் காத்திருக்கும்.

– வாசகர், கோத்தகிரி