திரையில் தெரியும் எண்ணும் ஜாபின் உண்மையான அளவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவின் சிறுதொழில்களைப் பற்றிய செய்திகளில் மின்கட்டணமும் மூலப்பொருள் விலையும் ஆள் பற்றாக்குறையும் பேசப்படும் அளவுக்கு, அளவெடுப்பதில் நேரும் பிழைகளால் வீணாகும் பொருளும் உழைப்பும் பேசப்படுவதில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையின் தரச்சோதனைப் பிரிவில் பணியாற்றுபவன் என்ற முறையில், இன்று ஏறக்குறைய எல்லா லேத்துகளுக்கும் (கடைசல் இயந்திரங்களுக்கும்) அருகில் கிடக்கும், பொருளை இரு தாடைகளுக்கிடையே பிடித்து அதன் அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் காலிப்பர் குறித்துச் சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திரையில்லாத பழைய வெர்னியர் காலிப்பரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று குறைந்த வெளிச்சத்தில் தேடிக் கண் வலித்தவர்களுக்கு இந்தக் கருவி பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கங்களிலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் முதல் நாளிலேயே அளவு சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. திரை 0.01 மி.மீ. வரை எண் காட்டுவதால் அளவும் 0.01 மி.மீ. வரை சரியாக இருக்கும் என்று தொழிலாளியும் நம்புகிறார், முதலாளியும் நம்புகிறார். பெயர் பெற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் 150 மி.மீ. காலிப்பருக்கே பொதுவாக உறுதியளிக்கப்படும் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 0.02 மி.மீ. தான், மலிவு விலைக் கருவிகளில் அது 0.03 ஆகவோ அதற்கும் மேலாகவோ இருக்கும். ஆகவே திரையில் 25.00 என்று தெரிந்தால், உண்மை அளவு 24.98க்கும் 25.02க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடத்தில் 25 எச்7 (25 மி.மீ. விட்டம்; எச்7 என்பது அனுமதிக்கப்படும் விலகலின் குறி) என்று குறிக்கப்பட்ட ஒரு துளையை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம், அனுமதிக்கப்பட்ட இடைவெளி முழுவதும் 21 மைக்ரான் (0.021 மி.மீ.) மட்டுமே. காலிப்பரின் ஐயப்பாடோ 40 மைக்ரான் அகலமுடையது. இதைக் கொண்டு அந்தத் துளையைச் சோதிப்பது, காய்கறிக் கடைத் தராசில் தங்கத்தை நிறுப்பதற்கு ஒப்பாகும். நல்ல ஜாப் (செய்து முடித்த உதிரிபாகம்) கழிக்கப்படும். கெட்ட ஜாப் வண்டி ஏறி, வாங்குபவரின் இன்ஸ்பெக்ஷனில் திரும்பி வரும். அங்கே வேண்டியது துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் அல்லது துளைக்குள் நுழைத்துச் சோதிக்கும் பிளக் கேஜ். தண்டின் விட்டத்துக்கு, திருகைச் சுழற்றி அளக்கும் மைக்ரோமீட்டர். போதாதற்கு, காலிப்பரில் துளைகளை அளப்பதற்கான மேல்தாடைகளின் முனை சற்றுத் தட்டையாக இருப்பதால், சிறு துளைகளின் விட்டத்தை அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். அதே வேளையில், கூட்டிக் குறைத்து 0.1 மி.மீ. வரை விலகல் அனுமதிக்கப்படும் அளவுகளுக்குக் காலிப்பரே போதுமானது. அதற்கு மைக்ரோமீட்டரைத் தேடி எழுந்து போவது நேர விரயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவியைக் கையாளும் முறையும் கவனிக்கத் தக்கது. மைக்ரோமீட்டரில் ராட்செட் (ஓர் அழுத்தத்துக்கு மேல் இறுகாமல் வழுக்கும் திருகுமுனை) இருப்பதால் அழுத்தம் ஓரளவு ஒரே சீராக அமைகிறது; காலிப்பரில் அழுத்தத்தை முடிவு செய்வது கட்டைவிரல் மட்டுமே. ஒரே ஜாபை இருவர் அளந்து இரண்டு எண் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அளக்கும் கோடும் அளவுகோலின் கோடும் ஒரே நேரில் அமையாவிட்டால் சிறு சாய்வும் பிழையாகப் பெருகும் என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890லேயே எடுத்துக்காட்டினார். காலிப்பரின் அமைப்பே அந்த விதிக்கு மாறானது. நகரும் தாடையில் சிறிது ஆட்டம் இருந்தாலும், ஜாபைத் தாடையின் நுனியில் பிடிக்கும்போது பிழை கூடும், அளவுகோலை ஒட்டி உள்ளே தள்ளிப் பிடிக்கும்போது குறையும். இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் பழகிக்கொண்டாலே பாதித் தகராறு தீரும். ஆனால் பல பட்டறைகளில் அந்த நுனியை வைத்துத்தான் இரும்புத் தகட்டில் கோடு கிழிக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் எரிச்சலைத் தங்கள் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பூஜ்ய பொத்தான் இன்னொரு வில்லங்கம். காலை ஷிப்டில் ஒருவர் ஒப்பீட்டு அளவுக்காக நடுவில் எங்கோ பூஜ்யம் வைத்துவிட்டுப் போக, அடுத்து வருபவர் அதைக் கவனிக்காமல் ஜாபை அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் தாடைகளைத் துடைத்து, மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடைவெளி தெரிகிறதா என்று பார்த்து, பிறகு எண்ணைச் சரிபார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. அளவுகோலின் மீது கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) படிந்தாலும் எண்கள் தாறுமாறாக ஓடும். பேட்டரி வாங்கும்போதும், விலை குறைந்த எல்.ஆர்.44க்குப் பதிலாக எஸ்.ஆர்.44 வாங்குவது நல்லது. அதன் மின்னழுத்தம் தீரும் தறுவாய் வரை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும்.

வெப்பத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீள அளவுகளுக்கு உலகெங்கும் அடிப்படையாகக் கொள்ளப்படும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். லேத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய 50 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஜாப், காலிப்பரைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், ஏறக்குறைய 0.017 மி.மீ. பெரிதாகத் தெரியும், அலுமினியமாக இருந்தால் அதைப் போல் இரு மடங்கு. அளவு கூடுதலாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் சீவிவிட்டால், ஜாப் ஆறியபின் சேர்ப்பதற்கு வழியில்லை. நம் ஊர்க் காற்று குளுமையானது என்று பெருமைப்படுவதெல்லாம் தகரக் கூரையின் கீழ் பிற்பகல் மூன்று மணிக்குச் செல்லாது.

கருவி சரியாக இருக்கிறதா என்று அறிய, ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896ல் உருவாக்கிய ஸ்லிப் கேஜ்களே (மிகத் துல்லியமான அளவில் செய்யப்பட்ட கட்டைகளே) இன்றும் எளிய வழி. பூஜ்யம் சரியாக இருப்பதால் மட்டும் 100 மி.மீ. சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆகவே 10, 50, 100 என்று சில இடங்களிலாவது சோதித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கலிப்ரேஷன் (கருவியின் அளவைச் சரிபார்த்தல்) செய்து சான்றிதழை உறையில் பத்திரப்படுத்துகிறார்கள். மறுவாரமே கருவி தரையில் விழுந்தாலும், சான்றிதழில் தேதி முடியவில்லை என்று தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள்.

நான்கைந்து இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் சிறு பட்டறைக்கு நல்ல ஸ்லிப் கேஜ் பெட்டி வாங்குவது பெரும் செலவு என்பதை நான் அறிவேன். ஆகவே தொழிற்பேட்டைச் சங்கத்தினர், ஒரே தெருவில் உள்ள பட்டறைகளுக்குப் பொதுவாக ஒரு பெட்டியையும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரையும் ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும். அளவியலில் நீண்ட அனுபவமுள்ள மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் துமகூரு சாலையிலேயே இருப்பதால், பயிற்சிக்கு வெளியூர் தேட வேண்டியதும் இல்லை. ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனங்கள், எந்த அளவை எந்தக் கருவியால் சோதிக்கப் போகிறோம் என்பதை வரைபடத்துடனேயே எழுதித் தந்துவிட்டால், பில் நிறுத்தப்பட்ட பிறகு யாருடைய காலிப்பர் சரி என்று இரு தரப்பும் வாதாட வேண்டிய நிலை வராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீன்யா, பெங்களூரு.