அந்தப் புகாரை மூடி வைக்காதே

அன்புள்ள தோழிக்கு,

உன் லெட்டர் வந்த அன்னிக்கே படிச்சுட்டேன், பதில் எழுதத்தான் லேட் ஆயிடுச்சு, கோவிச்சுக்காதே. நீ உங்க தொண்டு அமைப்புக்கு டைரக்டர் ஆனதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, ஃபீல்டுல நின்னு வேலை பாத்தவங்க அந்த நாற்காலிக்கு வரணும்னு நான் எப்பவும் சொல்லிட்டே இருப்பேன்ல. எனக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்ல எல்லாரும் சௌக்கியம். ஆபீஸ்லதான் ஆள் குறைஞ்சுபோச்சு. 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவிப் பணத்தை நிறுத்தி வச்சுதுல்ல, அந்தப் பணம் எங்களுக்கு நேரா வரல, ஆனா எங்களுக்குக் கொடுத்துட்டிருந்த பெரிய அமைப்பு அதை நம்பித்தான் இருந்துச்சு, அவங்க கையை விரிச்சுட்டாங்க. அந்த வருஷம் ஜூலை 1-ஓட, அந்த உதவியைக் கொடுத்துட்டிருந்த அமெரிக்க அரசு அமைப்பான யுஎஸ்எய்டும் தனி ஏஜென்சியா வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. நல்ல நல்ல பிள்ளைங்களை எல்லாம் போகச் சொல்ல வேண்டி வந்தது, இன்னும் மனசு ஆறல.

சரி, உன் விஷயத்துக்கு வரேன். உங்க அமைப்புல வேலை பாக்கற அந்தப் பொண்ணு சீனியர் ஒருத்தர் மேல கொடுத்த பாலியல் புகாரை, கிராண்ட் ரினியூவல், அதாவது வர்ற நிதியைப் புதுப்பிக்கறது, முடியற வரைக்கும் போர்டுக்குக் கொண்டுபோக வேணாம், அவரை நாமளே கூப்பிட்டுப் பேசி ராஜினாமா வாங்கிக்கலாம்னு உங்க சேர்மன் சொல்றார்னு எழுதியிருந்தே. வேணவே வேணாம்டி. அவர் நல்ல மனுஷனா இருக்கலாம், அமைப்பைக் காப்பாத்தணும்னுதான் சொல்றார்னு எனக்குப் புரியுது, ஆனா இந்த ஒரு விஷயத்துல அவர் சொல்றது தப்பு.

ஆக்ஸ்ஃபாம்னு பெரிய பிரிட்டிஷ் தொண்டு அமைப்பு இருக்குல்ல, அதோட கதையை நல்லா ஞாபகம் வச்சுக்கோ. 2010 நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஹைட்டில வேலை பாத்த அவங்க ஆளுங்க சில பேர் பாலியல் தப்பு பண்ணினது 2011-லயே உள் விசாரணைல தெரிஞ்சுபோச்சு, சில பேரை வேலையை விட்டு எடுத்தாங்க, ஆனா அங்க டைரக்டரா இருந்தவரை ராஜினாமா பண்ணிட்டுப் போக விட்டாங்க, என்ன மாதிரி தப்புன்னு வெளில முழுசா சொல்லல. 2018 பிப்ரவரில பேப்பர்ல வந்துச்சு. துணைத் தலைமை நிர்வாகி ராஜினாமா பண்ணினாங்க, கொஞ்ச நாள்லயே மாசாமாசம் பணம் போட்டுட்டிருந்தவங்க 7,000 பேர் நிறுத்திட்டாங்க, ஹைட்டி அரசாங்கம் பிரிட்டிஷ் ஆக்ஸ்ஃபாமுக்குத் தடை போட்டுச்சு, 2019 ஜூன்ல தொண்டு அமைப்புங்களைக் கண்காணிக்கற பிரிட்டன் சாரிட்டி கமிஷன் அதிகாரபூர்வமா எச்சரிக்கை கொடுத்துச்சு. ஏழு வருஷம் கழிச்சு ஜனங்க கேட்டது ‘உங்க ஆள் ஏன் தப்பு பண்ணினான்’னு மட்டும் இல்ல, ‘தெரிஞ்சும் ஏன் முழுசா சொல்லல’ன்னுதான்.

எனக்கு அதுல இன்னும் கோபம் வர்ற விஷயம் என்னன்னா, ராஜினாமா வாங்கி அனுப்பினா அந்த ஆள் அடுத்த அமைப்புக்குப் போவான், அங்கயும் பொண்ணுங்க இருப்பாங்க, குழந்தைங்க இருப்பாங்க. ஹைட்டிலேர்ந்து போனவருக்கும் அப்படித்தான் இன்னொரு அமைப்புல வேலை கிடைச்சுது. அதனாலதான் 2019-லேர்ந்து உதவி அமைப்புங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு வந்திருக்கு, ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி பழைய இடத்துல கேப்பாங்க, பாலியல் புகார் ஏதாவது நிரூபணம் ஆச்சா, விசாரணை ஏதாவது நடந்துட்டிருக்கான்னு. நீ விசாரிக்காம அனுப்பிட்டா அந்தக் கேள்விக்கு என்ன எழுதிக் கொடுப்பே?

அதனால முதல்ல அந்தப் பொண்ணுக்குப் பாதுகாப்பு, அந்த சீனியர் கீழ அவ வேலை பாக்காத மாதிரி ஏற்பாடு பண்ணு, அதுக்காக அவளை இடம் மாத்திடாதே, மாத்தறதா இருந்தா அவரை மாத்து. அப்புறம் முழு போர்டுக்கும் எழுத்துல சொல்லு, பேரை எல்லாம் எல்லார்க்கும் சொல்லணும்னு இல்ல, ஆனா புகார் வந்திருக்கு, இந்தத் தேதில வந்துச்சு, இதெல்லாம் பண்ணியிருக்கோம்னு மீட்டிங் மினிட்ஸ்ல ஏறணும். விசாரணையை வெளி ஆள்கிட்ட கொடு. அந்த சீனியர் பக்கத்தையும் கேக்கணும், அது அவரோட உரிமை. வேலை விஷயம் தெரிஞ்ச ஒரு வக்கீலைப் பாரு, உங்க நாட்டுச் சட்டப்படி எத்தனை நாளுக்குள்ள என்ன செய்யணும்னு அவர் சொல்வார். கிராண்ட் அக்ரிமென்ட்டையும் எடுத்துப் படி, இந்த மாதிரி புகாரை பணம் கொடுக்கற டோனருக்கு உடனே சொல்லணும்னு பல அக்ரிமென்ட்ல இருக்கும், அதை மறைச்சு ரினியூவல்ல கையெழுத்து போட்டா அந்தக் கையெழுத்து உன்னோடது, சேர்மனோடது இல்ல. ஒரு வேளை கிராண்ட் போனா போகட்டும். கஷ்டம்தான், எனக்குத் தெரியும், நானே இப்ப அதுல மாட்டிட்டுதானே இருக்கேன். ஆனாலும் சொல்றேன்.

பண விஷயமும் கேட்டிருந்தே. ஒரு பிராஜெக்ட்டுக்குன்னு வந்த பணத்தை எடுத்து இந்த மாசம் சம்பளம் போட்டுட்டு அடுத்த கிராண்ட் வந்ததும் திருப்பி வைக்கிறது உங்க அமைப்புல பழக்கமா இருக்குன்னு சொன்னதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அதை இன்னிக்கே நிறுத்து. ஒரு நோக்கத்துக்குன்னு கொடுத்த பணம் அந்த நோக்கத்துக்குத்தான், கொடுத்தவங்க எழுதிச் சம்மதிச்சாலொழிய தொடக்கூடாது. லண்டன்ல கிட்ஸ் கம்பெனின்னு ஒரு பெரிய குழந்தைகள் அமைப்பு 2015 ஆகஸ்ட்ல மூடிப்போச்சு, கையிருப்பே இல்லாம வர்ற பணத்துலயே ஓடிட்டிருந்தாங்க, அந்த நேரம் பாத்து ஒரு குற்றச்சாட்டு வந்துச்சு, வர வேண்டிய பணம் நின்னுபோச்சு, அவ்வளவுதான். குற்றம் நடந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு போலீஸ் அப்புறமா சொன்னாங்க, ஆனா அமைப்பு போனது போனதுதான். சம்பளம் வாங்காம இருந்த ட்ரஸ்டிங்க மேலயே கேஸ் போட்டு, இனிமே இவங்க எந்தக் கம்பெனிலயும் டைரக்டரா இருக்கக்கூடாதுன்னு கேட்டாங்க. 2021 பிப்ரவரில ஹைகோர்ட் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. ஆனாலும் அத்தனை வருஷம் அவங்க பட்ட பாட்டை யோசிச்சுப் பாரு. உங்க ட்ரஸ்டிங்களுக்கு இதைச் சொல்லு, பயமுறுத்தறதுக்கு இல்ல, மாசாமாசம் கையிருப்பு எத்தனை மாசத்துக்கு வரும்னு ஒரு ஷீட் அவங்க முன்னாடி வைக்கறதுக்கு.

டோனருங்க கையிருப்பு வைக்க விடமாட்டேங்கறாங்களேன்னு நீ கேப்பே, நியாயம்தான். ஆபீஸ் செலவு கம்மியா இருந்தாதான் நல்ல அமைப்புங்கற நினைப்பு நம்மளை ரொம்ப வருஷமா அரிச்சுட்டிருக்கு. 2013-லயே கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் மாதிரி தொண்டு அமைப்புங்களை மதிப்பீடு பண்றவங்களே சேர்ந்து, நிர்வாகச் செலவு சதவீதத்தை வச்சு மட்டும் எடை போடாதீங்கன்னு டோனர்களுக்கு எழுதினாங்க. ஆனா சட்டம் வேற பக்கம் போகுது, இந்தியால 2020-ல வெளிநாட்டுப் பணச் சட்டத்தைத் திருத்தி நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்துலேர்ந்து 20 ஆக்கிட்டாங்க, வாங்கின பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் முடியாது. நல்ல அக்கவுன்டன்ட், விசாரணைக் கமிட்டி, ட்ரெய்னிங் எல்லாம் நிர்வாகச் செலவுலதானே வரும், அதை வெட்டிட்டு ஏன் தப்பு நடக்குதுன்னு கேட்டா எப்படி?

பேங்க் உங்க அமைப்போட அக்கவுன்ட்டை நிறுத்தி வச்சிருக்குன்னு எழுதியிருந்தேல்ல, அதுக்கு, கறுப்புப் பணம், தீவிரவாத நிதியைத் தடுக்க உலக அளவுல விதி வகுக்கற எஃப்ஏடிஎஃப்-ஓட 2023 நவம்பர் திருத்தத்தைக் காட்டிப் பேசு, தொண்டு அமைப்புன்னாலே சந்தேகப்படாம ரிஸ்க் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டும் கட்டுப்பாடு வைக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. டோனர் லிஸ்ட்டை வெளி சாஃப்ட்வேர்ல வச்சிருக்கேன்னு சொன்னே, 2020-ல அந்த மாதிரி சாஃப்ட்வேர் கொடுக்கற பிளாக்பாட் கம்பெனி ஹேக் ஆனப்ப உலகம் பூரா தொண்டு அமைப்புங்கதான் தங்க டோனர்களுக்கு மன்னிப்பு லெட்டர் எழுதினாங்க, தேவையில்லாத பழைய டேட்டாவை அழிச்சுடு.

இதெல்லாம் மெதுவா பாத்துக்கலாம். இப்ப போர்டுக்கு எழுதற லெட்டர்தான் முக்கியம். ட்ராஃப்ட் போட்டு, அந்தப் பொண்ணு பேரையும் அடையாளத்தையும் எடுத்துட்டு எனக்கு அனுப்பு, ராத்திரியே பாத்துத் திருப்பி அனுப்பறேன். சேர்மன்கிட்ட அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி, ‘சார், நான் இதை எழுத்துல கொடுக்கப் போறேன்’னு மரியாதையா சொல்லிடு, அவருக்கும் அது நல்லது.

அன்போட,
உன் தோழி