போகிக்கு முன்னால் பொம்மைப் பெட்டி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டார்கள். போகிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. ஒட்டடை அடிப்பதும் வெள்ளையடிப்பதும் பரணில் கிடப்பதை இறக்குவதும் பல வீடுகளில் தொடங்கியிருக்கும். விளையாட்டுச் சாமான் கிடக்கும் மூலைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை உணவைத் தொடவே இல்லை. தட்டில் உப்புமா ஆறிக்கொண்டிருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. என்னப்பா என்று கேட்டதும் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துக் காட்டினான். அவனுடைய பச்சை பஸ்ஸிலிருந்து கழன்று வந்தது அது. மாமா வந்தால் ஒட்டித் தருவார் என்று தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். மூன்று சக்கரத்தோடு கட்டிலுக்கடியில் கிடந்த பஸ் போகித் தீயில் போய்விட்டது. "சக்கரம் எங்கிட்ட இருக்கு டீச்சர், பஸ்ஸுதான் இல்ல" என்றான்.

அவன் அம்மாவைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. சக்கரம் இல்லாத பஸ், மாதக்கணக்காகத் தூசி படிந்து கிடந்தது; யாராக இருந்தாலும் கழிசடை என்றுதான் நினைப்போம். ஆனால் அந்தச் சாமானில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து அவன் பொம்மைகளைக் கழிக்காதீர்கள். அவனை உட்கார வைத்து, அவன் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

கழிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிக்கத்தான் வேண்டும். உங்கள் பல வீடுகளுக்கு நான் வந்திருக்கிறேன். நம் காலத்தில் ஒரு நடைவண்டி, ஒரு மரப்பாச்சி, ஒரு பெட்டிச் சொப்பு, ஒரு பம்பரம் என்று எண்ணிவிடலாம். இப்போது தேர்த் திருவிழாக் கடை, பிறந்தநாள் பரிசு, மிட்டாய்ப் பாக்கெட்டுக்குள் வரும் குட்டிப் பொம்மை என்று நாலா பக்கமும் வந்து சேர்கிறது. சாக்குப் பை நிறையச் சாமான் இருக்கும் வீட்டில்தான் "போரடிக்குதும்மா" என்ற சத்தமும் அதிகம் கேட்கிறது.

இதை நான் பள்ளியிலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் விளையாட்டோடு சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது, ஒன்றாம் வகுப்பு மூலையில் கட்டைகள், மணிகள், அட்டைகள், கைப்பாவைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்தேன். பிள்ளைகள் கொட்டினார்கள், கலைத்தார்கள், அடுத்ததற்கு ஓடினார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, நான்கு சாமான்களை மட்டும் வைத்துவிட்டு மீதியை அலமாரிக்குள் பூட்டினேன். அன்றைக்குத்தான் ஒரு பெண் கட்டைகளை வைத்து முழு ரேஷன் கடையே நடத்தினாள். எடை போட்டாள், வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினாள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் அவர்கள். 16 பொம்மைகள் இருந்தபோது விளையாடியதைவிட 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள் என்று கண்டார்கள். நம் பிள்ளைகள் வயதில் பெரியவர்கள்தான், ஆனாலும் நான் என் வகுப்பறையில் பார்த்தது அதேதான்.

எப்படிச் செய்யலாம் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பழைய சேலையை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். எதை வேண்டாம் என்கிறாய் என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளையும் ஒன்றையும் விடமாட்டான். எது ரொம்பப் பிடிக்கும் என்று கேளுங்கள். அதையெல்லாம் முதலில் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கை நிறைந்த பிறகு மீதியின்மேல் அவ்வளவு பிடிவாதம் இருக்காது. கண் இல்லாத கரடியையோ கை உடைந்த பொம்மையையோ பிடித்தவற்றில் சேர்த்தால் சேர்க்கட்டும், வாதாடாதீர்கள். தீர்மானிக்க முடியாமல் தவிப்பதை ஒரு பையில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். ஒரு மாதம் கழித்து இறக்கிப் பாருங்கள். புதுசு வாங்கித் தந்த மாதிரி துள்ளுவான், அல்லது அது இருந்ததையே மறந்திருப்பான்.

அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் பெரியவனுடையதைக் கேட்காமல் சின்னவனுக்கு மாற்றிவிடாதீர்கள். நீ பெரியவன்தானே, விட்டுக்கொடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்குத் தெரிந்து அந்த வருத்தம் நாள்பட மனதில் நிற்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், அது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் பல அப்பாக்கள் துபாயிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். லீவில் வரும்போது வாங்கி வந்த ரிமோட் கார், பெரிய பொம்மை எல்லாம் ஷோகேஸ் மேல் அட்டைப் பெட்டியோடு, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் இருக்கிறது. உடைத்துவிடுவான் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அது எத்தனை நாள் உழைப்பு என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் தயவுசெய்து இறக்கிக் கொடுங்கள். அப்பா இருக்கும் தூரத்தை அந்தக் குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். உடைந்தாலும் அப்பாவோடு வீடியோ காலில் காட்டிப் பேச ஒரு கதை கிடைக்கும்.

பிரிக்கும்போது பேட்டரிகளைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அதிலும் பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் மின்னும் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்டமான பொத்தான் பேட்டரிதான் எனக்குப் பெரிய பயம். சிலது நம் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருக்கும். குழந்தை விழுங்கித் தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொண்டால், எச்சிலோடு சேர்ந்து மின்சாரம் ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை வெந்துபோகச் செய்துவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொம்மை எதுவும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

போகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தாத்தா பாட்டி கொளுத்தியது கோரைப்பாய், துடைப்பம், பிய்ந்த முறம். எல்லாம் மண்ணிலிருந்து வந்த பொருள். பிளாஸ்டிக் பொம்மை அப்படியில்லை. பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு புகையில் வரும். தீயைச் சுற்றி மேளம் அடித்துக்கொண்டு நிற்பவர்கள் நம் பிள்ளைகளேதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்கிறது. இந்த வருடம் நம் தெருக்களிலாவது கேட்போம். இனி ஒட்டவே முடியாமல் நொறுங்கியதைத் தனியாகக் கட்டித் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரிகளையும் ஓடாத ரிமோட் வண்டிகளையும் குப்பையில் கலக்காமல் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். அலுவலக அறையில் ஒரு டப்பா வைத்திருக்கிறேன், மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவோம்.

புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

பிள்ளை மனதாரக் கொடுக்க முன்வரும் நல்ல சாமான்கள் இருந்தால், நம் வளாகத்து அங்கன்வாடிக்கும் ஒன்றாம் வகுப்பு மூலைக்கும் தேவை இருக்கிறது. கட்டைகள், பந்துகள், பெரிய மணிகள், சொப்புகள், துணிப் பொம்மைகள் எடுத்துக்கொள்வோம். துணிப் பொம்மைகளைத் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்துத் தாருங்கள். வாயில் போட்டு விழுங்கக்கூடிய சின்னத் துண்டுகள் அங்கன்வாடிக்கு வேண்டாம். உடைந்ததும் வேண்டாம், வாங்கிக்கொள்வதும் ஒரு குழந்தைதான்.

லேசாகக் கழன்றவற்றை ஒட்டித் தர, போகிக்கு முந்தைய சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை நானும் இரண்டு ஆசிரியர்களும் பசை, திருப்புளி, ஊசி நூலோடு பள்ளியில் இருப்போம். தச்சு வேலையோ தையலோ தெரிந்த பெற்றோர் யாராவது வந்து உட்கார்ந்தால் பெரிய உதவி. வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பை அவன் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை