துடைப்பத்தோடு நின்ற அக்காவுக்கு

என் மகன் மீண்டும் பள்ளிக்குப் போகிறான். இன்று நான்காவது நாள். அந்த மூன்று வாரங்களை உங்களில் பலர் உடனிருந்து பார்த்தீர்கள். திரும்பச் சொல்லப் போவதில்லை.

முதல் நன்றி, பள்ளியைப் பெருக்கும் அக்காவுக்கு.

அவனுடைய பட அட்டவணையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பை, கணக்கு, சிற்றுண்டி, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் வெல்க்ரோ ஒட்டிய புகைப்பட அட்டை. ஒரு வேலை முடிந்ததும் அட்டையைப் பிய்த்து ‘முடிந்தது’ உறைக்குள் போடுவான். நூலக அட்டை வந்தால் மட்டும் நின்றுவிடுவான். சத்தமா, வெளிச்சமா என்று பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினோம். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 1972-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் தொடங்கிய டீச் (TEACCH) திட்டம் வரை தேடித் தேடி இரவெல்லாம் படித்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

பள்ளி வாசலையே அவன் மிதிக்க மறுத்த பிறகு, அட்டைகளை எடுத்துவரப் போனேன். வராந்தாவில் அக்கா தயங்கித் தயங்கி வந்தார்.

“பிள்ளை அட்டையைப் பார்ப்பான், கதவைப் பார்ப்பான், மறுபடியும் அட்டையைப் பார்ப்பான் சார். படத்தில் கதவு நீலம். விடுமுறையில் பச்சை அடித்துவிட்டார்களே. படித்தவர்கள் பேசும்போது நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.”

பேசும் சொல் காற்றில் போய்விடும், படம் நிற்கும் என்றுதான் அட்டவணையைத் தொடங்கினோம். அவன் படத்தை நம்பினான். அதில் இல்லாத ஒரு கதவுக்குள் நாங்கள் அவனைக் கைப்பிடித்து இழுத்திருக்கிறோம். இனி சுவரில் ஆணி அடித்தாலும் முந்திய நாளே ‘மாற்றம்’ அட்டையைக் காட்டாமல் விடமாட்டேன்.

வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், வேன் ஓட்டுநர், அட்டைகளை லேமினேட் செய்து தந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், நள்ளிரவிலும் தொலைபேசியை எடுத்த நண்பர்கள், அனைவருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் என் தூக்கக் கலக்கத்தின் மேல் பழியைப் போடுங்கள்.

பச்சைக் கதவைப் புதிதாகப் படமெடுத்தபோது ஓரத்தில் துடைப்பமும் விழுந்துவிட்டது. அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை, அட்டையும் தயாராகிவிட்டது. முதல் நாள் அவன் அட்டையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடியும் அட்டையைப் பார்த்தான். எனக்கு மூச்சே நின்றது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து, நூலக வகுப்புக்கு மணி அடிக்கும் முன்பே துடைப்பத்தைக் கொண்டுவந்து கதவோரம் சாய்த்து வைத்துவிடுகிறார்.