சிரித்திரனை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய நகைச்சுவை இதழ்கள் சேர்ப்பதைப் பற்றிப் போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் கார்ட்டூனை மட்டும் வெட்டியெடுத்து பிரேம் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் வயிறு எரிந்தது.

சிரித்திரனையே எடுப்போம். சுந்தர் என்ற சிவஞானசுந்தரம், ஆசிரியரும் தானே ஓவியரும் தானே என்று கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் நடத்திய இதழ். அதில் வந்த சவாரித்தம்பர் கார்ட்டூனும் மகுடியார் கேள்வி பதிலும் எங்கள் தேயிலைத் தோட்டப்பக்கத்திலும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டவை, யாழ்ப்பாணப் பேச்சு பாதி புரியாவிட்டாலும் சிரிப்புக்குக் குறைவில்லை. 1970களில் பாணுக்குக் கியூ, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு, தோட்டங்களில் பட்டினி. அந்தக் காலத்துச் சோற்றுப் பகிடி ஒன்றை வெட்டிய துண்டாக இன்றைய பிள்ளையிடம் நீட்டினால் இதில் என்ன பகிடி என்றுதான் கேட்பான். அட்டையில் மாதமும் விலையும், பக்கத்தில் விளம்பரம், பின்னால் வாசகர் கடிதம், இதெல்லாம் சேர்ந்திருந்தால்தான் யாரை எதற்காகக் குத்தினார்கள் என்று பிடிபடும். டில்லியில் 1948இல் தொடங்கிய சங்கர்ஸ் வீக்லி என்ற கார்ட்டூன் வார இதழ் 1975இல் நின்றது. அது இந்தியாவில் அவசரநிலை வந்த ஆண்டு என்பது தெரியாமல் கடைசிக்கால இதழ்களைப் புரட்டி என்ன பயன்?

மடிப்பு விழுந்த இதழுக்கு மதிப்பில்லை என்ற வரியையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் மேட் இதழில் 1964 முதல் அல் ஜாஃபி ஒரு பக்கம் போட்டார், அதை மடித்தால் வேறு படம் வரும். மடிக்கத்தானே அச்சடித்தார்கள்! மடிக்காத பிரதிக்குத்தான் விலை அதிகம், சரி, அது வியாபாரம். எனக்கென்னவோ யாரோ மடித்துப் பார்த்துச் சிரித்த பிரதிதான் பிடிக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் சொன்ன லேமினேட் யோசனை கொழும்புக்குச் சரிவருமோ என்னவோ, எங்கள் மலைக்கு ஆகாது. வருசத்தில் பாதி நாள் மூடுபனி, உள்ளே கொஞ்சம் ஈரம் அகப்பட்டாலும் தாள் அங்கேயே பூஞ்சணம் பிடித்துப் புழுங்கும். செலோடேப்பும் வேண்டாம், நாளாக நாளாகப் பழுப்புக் கறைதான் மிஞ்சும். துருப்பிடித்த பின்னைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்து, சுவரில் முட்டாத தட்டில், காற்றுப் படும்படி வைத்தால் போதும். வெயில் கண்டால் கொண்டுபோய்க் காயப்போடுகிற வேலையும் வேண்டாம், மை வெளுத்துவிடும்.

இதையெல்லாம் மெனக்கெட்டு எழுதக் காரணம் இருக்கிறது. தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் ட்ரங்குப் பெட்டியில் இடமில்லாமல் பக்கத்து வீட்டாரிடம் விட்டுப்போன புத்தகக் கட்டுகள் கொஞ்சமா? லயத்துச் சுவரில் ஒட்டியதும் கடலைப் பொட்டலமானதும் போக மிச்சம் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, அப்புறம் போரில் எத்தனையோ வீட்டுச் சேகரிப்புகளும் போய்விட்டன. அங்கே இல்லாத ஓர் இதழ் ஹட்டனிலோ பதுளையிலோ கிடைக்கக்கூடும்.

ஆகவே விலைப்பட்டியல் போடுகிற இடத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். போத்தல் பேப்பர்காரருக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன், ‘நூலகம்’ என்ற நிறுவனத்தார் போல ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிறவர்களிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அவர்களின் தளத்தில் சிரித்திரன் இதழ்கள் ஏற்கெனவே இருக்கின்றன, எது இல்லை என்று பார்த்துக்கொள்வதும் சுலபம். அட்டை கிழிந்ததும் பரவாயில்லை, பிள்ளைகள் மீசை வரைந்ததும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
ஹட்டன்.