வடசென்னை நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு: பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் நாட்டு மருந்துக் கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் காசிமேட்டுப் பெண். சின்ன வயதில் சளி பிடித்தால் சித்தரத்தையும் அதிமதுரமும் வாங்க என் கையில் காசைக் கொடுத்து உங்கள் கடைக்குத்தான் அனுப்புவார்கள். அதனால் இது உங்களைத் திட்டுகிற மடல் இல்லை, ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா மீன் விற்கிறவர், பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை போடுகிறார். போன ஆடி மாசம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு கடையில் 'சுகர் பவுடர்' வாங்கி வந்தார். பிளாஸ்டிக் கவர், மேலே ஒரு ஸ்டிக்கர், "சர்க்கரைக்கு, காலை மாலை 1 ஸ்பூன்". அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் விடியற்காலை, ஏலத்துக்குக் கிளம்பியவர் கூடையைப் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ரவிக்கை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது, என்னையே யாரோ மாதிரி பார்க்கிறார். பக்கத்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 46-க்கு இறங்கியிருந்தது. நல்ல வேளை, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து ஆட்டோவில் ஏற்றினோம். "பவுடரில் என்ன இருக்கும்மா?" என்று டாக்டர் கேட்டார், பொட்டலத்தை நீட்டினேன். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மூலிகை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை, வேலை செய்யும் என்பதால்தான் பயம். சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைப் போட்ட மாதிரி இருக்கும். அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்புணர்வையே கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்து குடலில் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், கடலழிஞ்சில் என்ற மூலிகை மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதைத் தடுக்கும். ஏன், மெட்ஃபார்மின் உருவாகவே ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் இருந்த சத்துதான் வழிகாட்டியது, 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். ஆனால் மாத்திரை அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருக்கிறது, உங்கள் ஸ்பூனில் எவ்வளவு? மண்ணுக்கும் பருவத்துக்கும் தகுந்த மாதிரி இலையின் சத்தே மாறும், அதே இலையின் சாரத்தைச் சுண்டவைத்து அடைத்த கேப்ஸ்யூல் என்றால் வீரியம் இன்னும் வேறு.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதோடு இந்தப் பவுடரும் சேர்ந்து, அன்றைக்கென்று ராத்திரி சாப்பாடும் குறைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டு வாசலில் பார்த்துவிட்டேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மூலிகை என்று விற்ற பவுடர்களில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் சோதனை செய்து பிடித்திருக்கிறார்கள். அம்மா சாப்பிட்டது வெறும் இலையா, அதில் வேறு ஏதாவது இருந்ததா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். நீங்களே அரைத்தாலும் சரி, மூட்டையாக வாங்கிப் பிரித்துப் போட்டாலும் சரி, ஆவாரம்பூவா, நாவல் கொட்டையா, என்னென்ன எத்தனை கிராம், எந்தத் தேதியில் அரைத்தது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாத பவுடரை விற்காதீர்கள். பணம் வாங்கும் முன், "வேற மாத்திரை போடுறீங்களா, ஊசி போடுறீங்களா?" என்று கேளுங்கள், ஆமாம் என்றால் டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்ற போர்டையும் கழற்றிவிடுங்கள், அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று.

அம்மா இப்போதும் வெந்தயம் வாங்க உங்களிடம்தான் வருகிறார். மாத்திரைச் சீட்டு அவர் சுருக்குப் பையில், வெற்றிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்.